ஸ்கோப்பின் கீழ்க்கோடுகள் தோட்டாவோடு ஒத்துப்போகாதபோது: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

பி.டி.சி. ரெட்டிக்கிள் (தூரம் கூடக்கூடக் குண்டு தாழ்வதை ஈடுகட்ட, மையக்குறிக்குக் கீழே கோடுகள் வரைந்த குறியமைப்பு) கொண்ட ஸ்கோப்பை, அதாவது துப்பாக்கியின் குறிதொலைநோக்கியை, வாங்கிப் பொருத்தியவர்கள் சுடுதளத்தில் திரும்பத் திரும்பச் சொல்லும் குறை ஒன்றுதான்: மையக்குறி சரியாக அடிக்கிறது, கீழே உள்ள கோடுகள் பொய் சொல்கின்றன. அந்தக் கோடுகள் ஒரு குறிப்பிட்ட தோட்டா, அதன் வேகம், ஸ்கோப்பின் உயரம், ஜீரோ தூரம் (மையக்குறியிலேயே குண்டு விழும்படி சரிசெய்த தூரம்) ஆகியவற்றை முன்கூட்டியே அனுமானித்து வரையப்பட்டவை. உங்கள் பேரலும் உங்கள் தோட்டாவும் அந்த அனுமானத்தோடு இயல்பாகவே பொருந்திவிடும் என்று எதிர்பார்க்க முடியாது. ஆயினும், பொருந்தாமைக்குக் காரணம் பெரும்பாலும் செலவில்லாமல் சரிசெய்யக்கூடிய இடத்தில்தான் இருக்கிறது. ஆகையால் புதிய ஸ்கோப்புக்கோ வேறு தோட்டாவுக்கோ பணம் கட்டுவதற்கு முன், உங்கள் அறிகுறிக்குரிய தலைப்பைக் கண்டுபிடித்து, அதில் சொல்லியுள்ள வரிசையிலேயே சோதித்து வாருங்கள்.

இங்கே தரும் எண்கள் 40 கிரெய்ன் (ஏறத்தாழ 2.6 கிராம்) எடையுள்ள குண்டு கொண்ட .22 எல்.ஆர். (லாங் ரைஃபிள்) தோட்டாவுக்கும் 50 மீட்டர் ஜீரோவுக்கும் உரியவை. ஏர் ரைஃபிளுக்குத் தனித் தலைப்பு உண்டு. சோதனைகள் அனைத்தும் அனுமதி பெற்ற சுடுதளத்தில், காகித இலக்கின் மீது, மணல்மூட்டையில் தாங்கிச் சுட்டுச் செய்யப்பட வேண்டும். திருகாணியில் கை வைப்பதற்கு முன் மேகசினைக் கழற்றி, போல்ட்டைத் திறந்து, சேம்பர் (தோட்டா அமரும் அறை) காலியாக இருப்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

அறிகுறி 1: ஜீரோ செய்த தூரத்திலேயே குண்டு இடம் மாறுகிறது

இந்த அறிகுறி இருக்கும்வரை கீழ்க்கோடுகளைப் பற்றி யோசிப்பதே வீண். முதலில் இதைத் தீர்த்துவிட்டுத்தான் அடுத்த தலைப்புக்குப் போக வேண்டும்.

முதலில் ஸ்கோப்பைப் பிடித்து நிறுத்தும் ரிங்குகளின் திருகாணிகளைப் பாருங்கள். விரல் நகத்தால் ரிங்கின் ஓரத்தில் தடவும்போது ஸ்கோப் குழாயின் மீது மெல்லிய பளபளப்பான கீறல் தென்பட்டால், ஸ்கோப் ரிங்குக்குள் நகர்ந்திருக்கிறது என்று பொருள். திருகாணிகளையும் ரிங்கின் உட்புறத்தையும் எண்ணெய்ப் பசை இல்லாமல் துடைத்து, உற்பத்தியாளர் சொன்ன முறுக்கு அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். பல ரிங்குகளுக்கு அது 15 முதல் 18 அங்குல-பவுண்டு, அதாவது ஏறத்தாழ 2 நியூட்டன் மீட்டர்தான். கைப்பலத்தால் இறுக்கினால் குழாய் நசுங்கி, கிளிக் திருகுகள் ஒழுங்காக இயங்காமல் போகும். இறுக்கி முடித்த பிறகு, திருகாணித் தலையையும் ரிங்கையும் சேர்த்து நகச்சாயத்தால் ஒரு கோடு இழுத்துவையுங்கள். பின்னொரு நாள் அந்தக் கோடு முறிந்திருந்தால் திருகாணி தளர்ந்தது உடனே தெரிந்துவிடும்.

அடுத்தது பாரலாக்ஸ். துப்பாக்கியை அசைக்காமல் தலையை மட்டும் மேலும் கீழுமாக நகர்த்துங்கள். மையக்குறி இலக்கின் மீது மிதப்பது போல் நகர்ந்தால் பாரலாக்ஸ் இருக்கிறது. பெரிய ரைஃபிளுக்காகச் செய்த ஸ்கோப்புகளில் அது 100 கெஜத்துக்கு நிலையாக அமைக்கப்பட்டிருப்பது வழக்கம். 40 மி.மீ. முகப்புக் கண்ணாடி கொண்ட அத்தகைய ஸ்கோப்பில் 50 கெஜத்தில் சுடும்போது, கண் ஓரத்துக்குப் போய்விட்டால் குண்டு அதிகபட்சம் ஒரு செ.மீ. வரை விலகலாம். கன்னத்தை ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் வைத்தாலே இது பெருமளவு தீர்ந்துவிடும்.

இரண்டும் சரியாக இருந்தும் ஜீரோ நிற்கவில்லை என்றால், பேரலை மரக்கட்டையோடு பிணைக்கும் ஆக்‌ஷன் திருகாணிகளையும் ஸ்கோப் தளத்தின் திருகாணிகளையும் சோதியுங்கள். தளத்தின் திருகாணி சுற்றிக்கொண்டே இருந்து இறுகாமல் போனால், மரை தேய்ந்துவிட்டது. அங்கேயே நிறுத்திவிட்டு உரிமம் பெற்ற துப்பாக்கிப் பழுதுபார்ப்பவரிடம் கொண்டுசெல்லுங்கள்.

அறிகுறி 2: ஜீரோ நிலையாக இருக்கிறது, கீழ்க்கோடுகளில் மட்டும் குண்டு மேலேயோ கீழேயோ போகிறது

முதலில் ஒரு கேள்வி: தூரம் கூடக்கூடப் பிழையும் கூடுகிறதா? ஆம் என்றால் இந்தத் தலைப்பில் தொடருங்கள். ஒரு தடவை மேலேயும் மறு தடவை கீழேயும் சிதறுகிறது என்றால் அறிகுறி 4-க்குப் போங்கள்.

*குண்டு எல்லாக் கோடுகளிலும் மேலே போகிறதா?* ஸ்கோப்பின் பெரிதாக்கும் வளையத்தைப் பாருங்கள். நம் கைக்கு வரும் ஸ்கோப்புகளில் கணிசமானவை இரண்டாம் குவியத் தள வகை. அவற்றில் பெரிதாக்கத்தை மாற்றினாலும் ரெட்டிக்கிளின் உருவம் மாறாது. ஆனால் கோடுகளுக்கு இடையே அடங்கும் அளவு மாறிவிடும். 3 முதல் 9 மடங்கு பெரிதாக்கும் ஸ்கோப்பில் 9-ல் வைத்தால் 2 மில் (மில் என்பது தூரத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு) காட்டும் கோடு, 6-ல் வைத்தால் 3 மில் காட்டும். நூறு மீட்டரில் 1 மில் என்பது 10 செ.மீ. ஆகையால், வளையம் 6-ல் இருப்பதைக் கவனிக்காமல் அந்தக் கோட்டை வைத்துச் சுட்டவருக்குக் குண்டு 10 செ.மீ. மேலே போயிருக்கும். கையேட்டில் வேறு எண் குறிப்பிடப்படாதவரை, கோடுகள் உச்சப் பெரிதாக்கத்துக்கே வரையப்பட்டவை என்று எடுத்துக்கொள்ளலாம். முதல் குவியத் தள ஸ்கோப்பில் இந்தச் சிக்கல் இல்லை. வளையத்தைத் திருப்பும்போது ரெட்டிக்கிளும் பெரிதாவதைக் கண்டால் உங்களுடையது அந்த வகை.

*குண்டு எல்லாக் கோடுகளிலும் கீழே போகிறதா?* கெஜமா மீட்டரா என்று பாருங்கள். அமெரிக்கக் கையேடுகள் கெஜத்தில் பேசுகின்றன. நம் சுடுதளங்கள் மீட்டரில் அளக்கப்பட்டவை. 100 கெஜம் என்பது 91.4 மீட்டர்தான். எஞ்சிய எட்டரை மீட்டருக்குள் .22 குண்டு ஐந்து முதல் ஏழு செ.மீ. கூடுதலாக இறங்கிவிடும். ஜீரோவும் அப்படியே: கையேடு 50 மீட்டர் என்று கேட்கும்போது 50 கெஜத்தில், அதாவது 45.7 மீட்டரில் ஜீரோ செய்திருந்தால், 100 மீட்டரில் ஒன்றரை செ.மீ. அளவு கீழே போகும். தூரத்தை அடியெடுத்து அளக்காதீர்கள். கட்டட வேலைக்கு வைத்திருக்கும் 50 மீட்டர் நாடா போதும்.

வளையமும் தூரமும் சரி என்று உறுதியான பிறகுதான் தோட்டாவின் பக்கம் திரும்ப வேண்டும். .22-ல் சாதாரண வேகத் தோட்டா வினாடிக்கு ஏறத்தாழ 1070 அடியும், அதிவேகத் தோட்டா ஏறத்தாழ 1250 அடியும் போகும். இரண்டையும் தனித்தனியே 50 மீட்டரில் ஜீரோ செய்தாலும், 100 மீட்டரில் அவற்றுக்கிடையே மூன்று முதல் ஐந்து செ.மீ. வேறுபாடு இருக்கும். ரெட்டிக்கிள் எதற்கு வரையப்பட்டது என்று கையேட்டில் பாருங்கள். '.22 பி.டி.சி.' என்று விற்கப்படுபவற்றில் அதிவேகத் தோட்டாவுக்கு வரைந்தவை உண்டு. நம்மவர்கள் பயிற்சிக்குச் சுடுவதோ சாதாரண வேகத் தோட்டா. தோட்டாவை மாற்றினால் முதல் பத்திருபது குண்டுகளைக் கணக்கில் எடுக்காதீர்கள். .22 ஈயக்குண்டின் மேல் மெழுகுப் பூச்சு இருக்கிறது; முந்தைய தோட்டாவின் பூச்சு போய்ப் புதியது பேரலுக்குள் படியும்வரை குரூப் (குண்டுகள் விழும் தொகுதி) இடம் மாறிக்கொண்டிருக்கும்.

தோட்டாப் பெட்டியில் அச்சிட்டிருக்கும் வேகம் உங்கள் பேரலில் அளந்ததன்று. அது சோதனைப் பேரலில் அளந்தது. .22-ல் வெடிமருந்து 16 அங்குலத்துக்குள் பெரும்பாலும் எரிந்து முடிந்துவிடுவதால், 18 அங்குலப் பேரலுக்கும் 24 அங்குலப் பேரலுக்கும் இடையே பெரிய வித்தியாசம் வராது. .30-06 போன்ற பெரிய தோட்டாவுக்கு இது பொருந்தாது: சோதனைப் பேரல் 24 அங்குலம், உங்களுடையது 20 என்றால் ஒவ்வோர் அங்குலத்துக்கும் வினாடிக்கு 20 முதல் 30 அடி வேகம் குறையும் என்று எடுத்துக்கொள்ளலாம். உண்மை வேகத்தை அறியக் குரோனோகிராஃப் தேவை. தனியாளாக வாங்குவதைவிட, உடன் சுடுபவர்கள் நான்கைந்து பேர் சேர்ந்து ஒன்று வாங்கிப் பகிர்ந்துகொள்வதே நியாயமான செலவு என்பது என் கருத்து.

ஸ்கோப்பின் உயரம் அளக்க எளிது, மறக்கவும் எளிது. பேரலின் நடுவிலிருந்து ஸ்கோப்பின் நடுவுக்கு உள்ள தூரம் 38 மி.மீ., அதாவது ஒன்றரை அங்குலம் என்று அனுமானித்துப் பல ரெட்டிக்கிள்கள் வரையப்படுகின்றன. நீங்கள் உயரமான மவுண்ட் போட்டு 48 மி.மீ. ஆக்கியிருந்தால், 50 மீட்டர் ஜீரோவில் 100 மீட்டர்க் குண்டு சரியாக அந்தப் பத்து மி.மீ. அளவுக்கு மேலே விழும். இதனால் மட்டும் பெரும்பிழை வராது; ஆனால் வேறு பிழையோடு சேரும்போது குழப்பும்.

இத்தனைக்கும் பிறகு குண்டு சீராகக் கீழேயே போகிறது என்றால் செலவில்லாத திருத்தம் ஒன்று உண்டு. இரண்டாம் குவியத் தளத்தின் குறையாகச் சொன்ன அதே தன்மை இங்கே கை கொடுக்கிறது. 100 மீட்டருக்கான கோடு 20 செ.மீ. தாழ்வுக்கு வரையப்பட்டிருக்கிறது, உங்கள் குண்டோ 23 செ.மீ. தாழ்கிறது என்று வையுங்கள். பெரிதாக்கத்தை 9-லிருந்து 9 × 20 ÷ 23, அதாவது 7.8-க்குக் குறைத்தால் அந்தக் கோடு 23 செ.மீ. காட்டும். வளையத்தில் அந்த இடத்தில் வெள்ளைச் சாயத்தால் ஒரு புள்ளி வைத்துவிடுங்கள். 75 மீட்டரிலும் சுட்டுப் பார்த்து அங்கும் பொருந்துகிறதா என்று உறுதி செய்ய வேண்டும். குண்டு மேலே போகும் ரைஃபிளுக்கு இந்த வழி உதவாது, ஏனெனில் உச்சத்துக்கு மேல் வளையம் திரும்பாது. அவர்கள் கோடுகளின் தூரத்தையே மாற்றி எழுதிக்கொள்ள வேண்டும்; அந்த முறை அறிகுறி 5-ல் இருக்கிறது.

அறிகுறி 3: உயரம் சரியாக இருக்கிறது, கீழ்க்கோடுகளில் குண்டு பக்கவாட்டில் விலகுகிறது

*விலகல் எப்போதும் ஒரே பக்கமா?* ஸ்கோப் சாய்ந்திருக்கிறது, அல்லது நீங்கள் துப்பாக்கியைச் சாய்த்துப் பிடிக்கிறீர்கள். கொத்தனாரின் தூக்குக்குண்டுதான் இதற்குச் சிறந்த கருவி. 50 மீட்டரில் தூக்குக்குண்டு நூலைத் தொங்கவிட்டு, காலியான துப்பாக்கியை இருபுறமும் மணல்மூட்டையால் நிறுத்தி, பேரல் தளத்தின் மீது சிறு ரசமட்டம் வைத்துச் சமப்படுத்துங்கள். பிறகு ரெட்டிக்கிளின் செங்குத்துக் கோடு நூலோடு ஒன்றாகும்வரை ஸ்கோப்பை ரிங்குக்குள் திருப்பி இறுக்குங்கள். 100 மீட்டரில் கீழ்க்கோட்டை வைத்துச் சுடும்போது, 5 பாகைச் சாய்வு குண்டை நான்கைந்து செ.மீ. ஒதுக்கிவிடும், ஆனால் உயரத்தில் சில மி.மீ. கூட மாறாது. அதனால்தான் பலரும் இதைக் காற்று என்று நினைத்துவிடுகிறார்கள்.

*விலகல் பக்கம் மாறிக்கொண்டே இருக்கிறதா?* அப்படியானால் காற்றேதான். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இதை ஓரிரு வரியில் கடந்துபோக முடியாது. மேற்குத் தொடர்ச்சி மலை தாழ்ந்து வழிவிடும் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று பாய்ந்து வருவதால்தான் முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள்; 40 கிரெய்ன் ஈயத்துக்கு அது எம்மாத்திரம்! மணிக்கு 16 கி.மீ. வேகக் குறுக்குக்காற்று, சாதாரண வேக .22 குண்டை 100 மீட்டரில் 10 செ.மீ. அளவுக்குத் தள்ளும். அதிவேகத் தோட்டா வாங்கினால் காற்றை வெல்லலாம் என்று எண்ணுவது தவறு. ஒலியைவிட வேகமாகப் புறப்படும் .22 குண்டு, ஒலியின் வேகத்தை நெருங்கிக் குறையும்போது காற்றின் தடையை மிகுதியாகச் சந்திக்கிறது. அதனால் அது சாதாரண வேகக் குண்டைவிடக் கூடுதலாகவே ஒதுங்கும்.

குறுக்குக்காற்று உயரத்தையும் மாற்றும் என்பதைத்தான் பலர் கவனிப்பதில்லை. வலஞ்சுழிப் பள்ளம் (குண்டை வலமாகச் சுழலவைக்கும் உட்புறப் பள்ளம்) கொண்ட பேரலில், இடப்பக்கக் காற்று குண்டை வலமாகவும் சற்றுக் கீழாகவும் தள்ளுகிறது. வலப்பக்கக் காற்று இடமாகவும் சற்று மேலாகவும் தள்ளுகிறது. இலக்கைக் கடிகார முகமாகக் கொண்டால், 10 மணிக்கும் 4 மணிக்கும் இடையே ஒரு சாய்கோட்டில் குண்டுகள் பரவும். உங்கள் குரூப் இப்படிச் சாய்ந்து நீண்டிருந்தால் ரெட்டிக்கிளைத் திருத்தவே கூடாது. ஆனி முதல் ஆவணி வரையிலான மாதங்களில் கீழ்க்கோட்டுச் சோதனையை விடியலுக்குப் பிந்தைய முதல் மணி நேரத்திலேயே முடித்துக்கொள்ளுங்கள். இலக்குக்குப் பாதித் தூரத்தில் ஒரு கம்பில் துணிநாடா கட்டி, அது தொங்கி நிற்கும்போது மட்டும் சுடுங்கள்.

அறிகுறி 4: தூரத்தில் குண்டுகள் மேலும் கீழுமாகச் சிதறுகின்றன

50 மீட்டரில் இறுக்கமாக விழும் குரூப் 100 மீட்டரில் நெடுக்காக நீண்டால், குண்டுக்குக் குண்டு வேகம் மாறுகிறது என்பதே முதல் ஐயம். வெயிலில் நிறுத்திய காரின் டேஷ்போர்டில் கிடந்த பெட்டியும், பையின் அடியில் நிழலில் இருந்த பெட்டியும் ஒன்றுபோல் சுடாது. வெடிமருந்து சூடேறினால் வேகம் கூடும். தோட்டாவை நிழலில் வையுங்கள். சூடான சேம்பரில் தோட்டாவை ஏற்றி நெடுநேரம் காத்திருக்கவும் வேண்டாம். அதே பெட்டி எண் கொண்ட தோட்டாவில் பத்துக் குண்டு சுட்டு, அவற்றின் நடுவை மட்டும் கணக்கில் கொள்ளுங்கள். மூன்று குண்டுகளின் சாட்சியை வைத்து எந்தக் கோட்டையும் திருத்தாதீர்கள்.

அடுத்து பேரல். குளச்சல், முட்டம் போன்ற கடற்கரை ஊர்களில் உப்புக்காற்றுக்கு அஞ்சிப் பேரலுக்குள் எண்ணெய் தடவி வைப்பது சரியான பழக்கம்தான். ஆனால் சுடுவதற்கு முன் உலர்ந்த துணியை விட்டு அதைத் துடைத்தெடுக்காவிட்டால் முதல் சில குண்டுகள் தனியே போய் விழும். குழல்வாயின் விளிம்பைக் கைவிளக்கு வெளிச்சத்தில் உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். துருப்புள்ளியோ, சுத்தம் செய்யும் கம்பி உரசிய பள்ளமோ அங்கே தெரிந்தால் அது உங்களால் ஆகும் வேலையன்று.

வெடிச்சத்தம் வழக்கத்தைவிட மெலிந்து, காற்றுப் போவது போல் கேட்டால் உடனே நிறுத்துங்கள். குண்டு பேரலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். துப்பாக்கியை இலக்கை நோக்கியே வைத்து, காலி செய்து, போல்ட்டை எடுத்துவிட்டுப் பேரலைப் பின்புறமிருந்து ஊடுருவிப் பாருங்கள். வெளிச்சம் தெரியவில்லை என்றால் இன்னொரு குண்டைச் சுட்டு அதை வெளியேற்ற நினைப்பது உயிருக்கே ஆபத்து.

தோட்டாவும் பேரலும் குற்றமற்றவை என்றால் ஸ்கோப்பின் உள்பொறியைச் சோதியுங்கள். 50 மீட்டரில் உயரமான காகிதம் ஒன்றை ஒட்டி, ஐந்து குண்டு சுட்டபின், கால் எம்.ஓ.ஏ. (எம்.ஓ.ஏ. என்பது பாகையின் அறுபதில் ஒரு பங்கு) கிளிக்கில் 40 கிளிக் மேலே திருப்பி, அதே புள்ளியைக் குறிவைத்து மேலும் ஐந்து சுடுங்கள். குரூப் 14.5 செ.மீ. மேலேற வேண்டும். பிறகு 40 கிளிக் கீழே திருப்பினால் பழைய இடத்துக்கே வந்துசேர வேண்டும். திரும்பி வராவிட்டாலும், கண்ணாடிக்கு உட்புறம் பனி படர்ந்தது போல் தெரிந்தாலும், விற்பனையாளர் வழியாக உத்தரவாதப் பழுதுக்கு அனுப்புங்கள். ஸ்கோப்புக்குள் உலர்ந்த வாயு அடைத்து மூடியிருப்பார்கள். வீட்டில் திறந்தால் நம் ஊர் ஈரப்பதம் உள்ளே குடியேறிவிடும்.

அறிகுறி 5: எந்தக் கோடும் எந்தத் தூரத்துக்கும் பொருந்தவில்லை, அல்லது துப்பாக்கி ஏர் ரைஃபிள்

பெரிய தோட்டாவுக்கு வரைந்த ரெட்டிக்கிளை .22-லோ .177 ஏர் ரைஃபிளிலோ பொருத்தியிருந்தால் அச்சிட்ட தூரங்களை மறந்துவிடுங்கள். கோடுகள் இருக்கின்றன, அவை எந்தத் தூரத்துக்கு என்று நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். நான் பலருக்கும் இறுதியில் பரிந்துரைப்பது இந்த முறையைத்தான், ரெட்டிக்கிள் பொருந்துகிறது என்று நம்புபவர்களுக்கும் சேர்த்தே.

முதலில் சுடாமலே கோடுகளை அளவெடுங்கள். சுடுதளத்தில் 50 மீட்டரில் செங்குத்தாக ஒரு அளவுநாடாவை ஒட்டி, போல்ட் கழற்றிய துப்பாக்கியைத் தாங்கி வைத்து, மையக்குறி நாடாவின் மேல்நுனியில் நிற்கும்போது ஒவ்வொரு கோடும் எந்த எண்ணில் விழுகிறது என்று குறியுங்கள். அங்கே 5 செ.மீ. என்பது 1 மில். பிறகு .22-ஐ 50, 60, 70, 80, 90, 100 மீட்டர்களில் மையக்குறியை மட்டும் வைத்துச் சுட்டு, குரூப் எவ்வளவு தாழ்கிறது என்று செ.மீ.யில் அளந்து, அதை மில்லாக மாற்றி, வரைபடத்தாளில் புள்ளியிட்டு இணையுங்கள். ஒவ்வொரு கோட்டின் மில் அளவும் அந்த வளைவை வெட்டும் இடமே உங்கள் துப்பாக்கியில் அந்தக் கோட்டின் தூரம். அது 63 மீட்டர், 81 மீட்டர் என்று முழுமையற்ற எண்ணாக வந்தால் வரட்டும். சிறு அட்டையில் எழுதி, தோட்டாவின் பெயர், பெரிதாக்கம், மாதம் ஆகியவற்றையும் சேர்த்து, ஸ்கோப் மூடியின் உட்புறம் ஒட்டிக்கொள்ளுங்கள்.

ஏர் ரைஃபிளுக்கும் இதே முறைதான். ஜீரோ 25 மீட்டராகவும் சோதனை ஐந்தைந்து மீட்டராகவும் குறையும். பி.சி.பி. (முன்பே அழுத்தி நிரப்பிய காற்றால் சுடும்) வகையில் சிலிண்டர் அழுத்தம் இறங்க இறங்க வேகம் மாறும். ஆகவே எந்த அழுத்தத்திலிருந்து எந்த அழுத்தம்வரை குரூப் உயரம் மாறாமல் இருக்கிறது என்று முதலில் கண்டறிந்து, அதற்குள் மட்டும் அளவெடுங்கள். ஸ்பிரிங் வகை முன்னும் பின்னுமாக இருமுறை உதைப்பதால், அதற்கெனச் செய்யப்படாத ஸ்கோப்பின் உள்பாகம் தளர்ந்துவிடும். ஸ்பிரிங் ரைஃபிளில் அறிகுறி 1 மீண்டும் மீண்டும் வருமானால் ஸ்கோப்பையே சந்தேகியுங்கள்.

எப்போது பழுதுபார்ப்பவரிடம் போக வேண்டும்

தேய்ந்த தள மரை, குழல்வாய்ச் சேதம், பேரலுக்குள் சிக்கிய குண்டு, உள்ளே வீக்கம் போல் தெரியும் வளையம், சுட்ட வெற்றுத் தோட்டாவின் விளிம்பில் பிளவு, இறுக்கியும் அசையும் பேரல் ஆகிய எதைக் கண்டாலும் அன்றைய சோதனையை நிறுத்திவிட வேண்டும். மார்த்தாண்டத்திலும் நாகர்கோவிலிலும் கைத்திறன் மிக்க லேத் பட்டறைகள் உண்டு. ஆனால் துப்பாக்கியை அங்கே கொடுக்கக் கூடாது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி துப்பாக்கியைப் பழுதுபார்ப்பதற்கே உரிமம் வேண்டும். பேரலைக் குட்டையாக்குவதற்கும் தனியே உரிமம் தேவை. குழல்வாய் விளிம்பைச் சீராக்கச் சிறிது வெட்டியெடுப்பதாக யாரேனும் சொன்னால், அவரிடம் உரிமம் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். ஒப்படைக்கும்போது உங்கள் உரிமப் புத்தகத்தின் நகலைக் கொடுத்து, துப்பாக்கி எண் எழுதிய ரசீதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சுட்ட காகித இலக்குகளை மடித்துக் கூடவே கொண்டுபோங்கள். தூரமும் தோட்டாவும் எழுதப்பட்ட இலக்கு கையில் இருந்தால், எங்கிருந்து பார்க்கத் தொடங்க வேண்டும் என்பது அவருக்கு உடனே தெரியும். வேலை முடிந்து துப்பாக்கி திரும்பி வந்ததும் பழைய அட்டையைக் கிழித்துவிட்டு, 50 மீட்டர் ஜீரோவிலிருந்து மறுபடி அளவெடுங்கள்.